கம்பி காத்திருக்காது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாம்பன் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் பழுதானால், பக்கத்து வீட்டுக்காரரின் பங்குப் பணம் வந்த பின் வேலையைத் தொடங்குவதா, வேலையை முடித்த பின் பங்கைக் கேட்பதா?" இதுதான் இன்றைய தலைப்பு. முடித்துவிட்டுக் கேள் என்கிறது எங்கள் அணி. எதிரணித் தலைவர் எங்களை 'தர்மப் பிரபுக்கள்' என்று கிண்டல் செய்தார். ஐயா, ஒரு ரூபாயைக்கூட நாங்கள் விடப்போவதில்லை. எது முதலில், எது பின்னால் என்பதில்தான் சண்டை.

இன்னொன்றும் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்காரர் மனசு மாறும்வரை பொறுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?" மதுரையில் நின்று கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். பாம்பனில் நின்று கேட்கலாமா? இங்கே குடி முழுகாது, கூரை இறங்கும்!

நம் ஊரில் பல நடுச்சுவர்கள் எப்படி வந்தன? அப்பா கட்டிய ஒரு வீட்டை அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்ததில் வந்தவை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'நடுச்சுவர் இருவருக்கும் பொது' என்று ஒரு வரி இருக்கும். பழுதானால் யார் செலவு என்ற வரி இருக்காது. அந்தச் சுவருக்கு மேலே ஒரு பீம். இரண்டு வீட்டு மாடியும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கடல் காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறி, உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டால் துரு. துருவுக்கோ, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளே ஏது இடம்? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பிளந்த வழியாக இன்னும் உப்பு உள்ளே போகும். கடலோரக் காற்று படும் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை 456. நம் வீடுகளில் அதில் பாதி இருந்தால் கொத்தனாருக்கு மாலை போடலாம். போதாக்குறைக்குக் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்ட வீடுகள் வேறு.

நம்பாதவர்கள் சுத்தியலை எடுத்து பீமின் அடியில் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கெட்டிச் சத்தம் வரும். கெட்ட இடத்தில் பொத்தென்று கேட்கும். அங்கே உளியை வைத்தால் காரை சில்லுச் சில்லாகப் பெயரும். உள்ளே கம்பி அடுக்கடுக்காக உரிந்து கிடக்கும்; விரலால் நெருடினால் காவித்தூள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால், கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை பூசி முடித்துவிடலாம். இரண்டு மழைக்காலம் விட்டால் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கும் மேலே விட்டால் முட்டுக் கொடுத்து இடிப்புதான். அப்போது பங்கு கூடுவது எனக்கு மட்டுமா? காசு தராமல் இழுக்கிறாரே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான்!

1914-ல் திறந்த நம்ம ரயில் பாலத்தையே இந்தக் காற்று விட்டுவைக்கவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். ரயில்வேயே பயப்படுகிற காற்றுக்கு முன்னால், 'அவர் முதலில் காசு எடுக்கட்டும்' என்று நாம் வீம்பு பிடிக்கிறோம்.

சரி, காசு கேட்டுப் போவோம். என்ன நடக்கும்? "விரிசல் ஒங்க பக்கந்தானண்ணே தெரியுது, எம் பக்கம் நல்லாத்தான இருக்கு." பீரோவை நகர்த்தினால்தானே அவர் பக்கம் தெரியும்! எஸ்டிமேட் கேட்பார். கொடுத்தால், "கொத்தனாரு ஒங்க ஆளு, ரேட்ட ஏத்திச் சொல்றான்." சரி, உங்கள் கொத்தனாரையே கூப்பிடுங்கள். "அவன் திருப்பூர் போயிருக்கான், ஆடி கழியட்டும்." ஆடி கழியும், ஆவணி கழியும், ஐப்பசியில் வாடை எடுத்துவிடும்.

ஏமாற்றுகிறவரை விடுங்கள். உண்மையிலேயே கையில் இல்லாதவர் இருக்கிறாரே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஆனால் மழையில்லாமல் பூச்சு வேலை செய்ய வாகான மாதங்களும் அவைதான்! வேலைக்கு நல்ல காலத்தில் அவரிடம் காசு இல்லை. காசு புரண்டு, அவரும் மனசு வைத்து வரும்போது மழை வாசலில் நிற்கும். எதிரணி சொல்கிறபடி பொறுத்தால் அந்த பீமுக்கு நல்ல நாளே கிடையாது. எங்கள் வழியில், வேலை இப்போது முடியும். அவர் கடலுக்குப் போன பின் தவணையில் கொடுக்கட்டும்.

"முடித்த வேலைக்கு எவன் காசு தருவான்?" என்று ஒரு நண்பர் மேசையைத் தட்டினார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70-ஐப் படிக்கட்டும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், முறையாக, ஒருவர் இன்னொருவருக்காக ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்தால், அதற்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஆனால் இதில் எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் செய்துவிட்டு பில்லை நீட்டினால் வழக்கு நிற்பது கஷ்டம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். ஆகவே வேலைக்கு முன்னாலேயே, இன்ன பழுது, இன்ன செலவு, உங்கள் பங்கு இவ்வளவு என்று எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடு. கொத்துவதற்கு முன் போட்டோ, கொத்திய பின் போட்டோ. உரிந்த கம்பியில் ஒரு துண்டை எடுத்து வை. பில் எல்லாம் பத்திரம். வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு, கடத்திவிடாதே. சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்குப் (லோக் அதாலத்) போனால் கட்டணம் கிடையாது. அங்கே சமரசமாகிவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அவர் சம்மதிக்காவிட்டால் வழக்குதான், மறுக்கவில்லை.

"ஒருதடவை நீ கட்டினால் காலம்பூரா நீதான் கட்டணும்" என்றார்களே? வாய் திறக்காமல் கட்டினால் அப்படித்தான் ஆகும். கையில் கடிதம் வாங்கியவர் அப்படி நினைக்க மாட்டார்.

கேட்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். பீம், சுவர், கம்பி, கொத்துக்கூலி, இவற்றுக்குப் பாதி கேள். அதே சாக்கில் உன் பக்கத்து ஹாலுக்கு டைல்ஸ் ஒட்டி, அதையும் கணக்கில் நுழைத்தால் அடுத்த பட்டிமன்றத்தில் நானே எதிரணிக்குப் போய்விடுவேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே கேள்வியோடு அமர்கிறேன். பங்கு வரும்வரை பொறு என்கிறீர்கள். ஐப்பசி அடைமழையில், அந்த பீமுக்குக் கீழே, இரண்டு வீட்டில் எந்த வீட்டுப் பிள்ளை பாய் விரித்துப் படுப்பது? அடுத்துப் பேச வரும் அம்மா அதைச் சொல்லிவிட்டு வணக்கம் சொல்லட்டும்!