சதையைக் கிழிக்கும் சொல்

நண்பர்களே, குத்தலாகப் பேசுவதை ‘சார்க்காசம்’ என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லின் பூர்வீகம் கொஞ்சம் பயங்கரமானது. கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. அதிலிருந்து பிறந்த வினைக்கு, நாய் போலச் சதையைக் கடித்துக் கிழிப்பது என்று பொருள். ஆத்திரத்தில் உதட்டைக் கடிப்பதையும் குறித்தது. அப்புறம் ஏளனப் பேச்சுக்கு ஆகிவந்தது. லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கல்லால் ஆன சவப்பெட்டியை ‘சார்க்கோஃபேகஸ்’ என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான்: சதைதின்னி.

சரி, ஜப்பானிய மொழிக்குப் போவோம். அங்கே இதற்கு ‘ஹினிகு’ என்று பெயர். எழுத்து இரண்டே: தோல், சதை. அட, இங்கேயும் சதையா என்று துள்ளத் தோன்றும். அவசரப்படக் கூடாது. போதிதருமர் சீடர்களைச் சோதித்ததாக ஜென் மரபில் ஒரு கதை உண்டு. ஒவ்வொருவரும் தாம் உணர்ந்ததைச் சொன்னார்கள். ‘என் தோல் உனக்குக் கிடைத்தது’ என்றார் ஒருவரிடம். அடுத்தவருக்குச் சதை, இன்னொருவருக்கு எலும்பு. பேசாமல் வணங்கி நின்ற ஹுய்கேவுக்கு மட்டும் மஜ்ஜை. தோலும் சதையும் என்றால் மேலோட்டமாகப் புரிந்துகொண்டவன் என்று அர்த்தம். அந்தக் குறைசொல்லே குத்தல் பேச்சுக்குப் பெயரானது என்கிறார்கள். கிரேக்கச் சொல் கடிக்கிறது. ஜப்பானியச் சொல்லோ, ‘உன் அறிவு தோலோடு நின்றுவிட்டது’ என்கிறது. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கும்.

சீனச் சொல்லின் இரண்டாம் எழுத்துக்குக் குத்துவது என்று பொருள். எபிரேயச் சொல் கொடுக்கிலிருந்து வந்தது. நாமும் ‘குத்திப் பேசாதே’ என்கிறோமே.

வேடிக்கை இந்தியில் இருக்கிறது. அங்கே ‘கடாக்ஷ்’ என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அது கடைக்கண் பார்வை. தமிழுக்கு வந்தபோது அதே சொல் தெய்வத்தின் அருட்பார்வையாகி, கடாட்சம் ஆயிற்று. இந்திச் செய்தித்தாளில் ஒரு தலைவர் இன்னொருவர் மீது கடாட்சம் செய்தார் என்று இருந்தால் கும்பிட்டுவிடாதீர்கள், வாரியிருக்கிறார்.

தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது பழித்துப் பேசுவதை, இரண்டாகப் பிரிக்கிறது. நேராகத் திட்டினால் செம்பொருள், அது வசை. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. இதன் உயிர் கடிப்பதில் இல்லை, மறைப்பதில்தான் என்பது என் கட்சி. வள்ளுவர் ‘தேவர் அனையர் கயவர்’ என்று தொடங்குகிறார். அங்கேயே நிறுத்தியிருந்தால் கயவர்கள் மாலையோடு வந்திருப்பார்கள். காரணம் பின்னால் வருகிறது: ‘அவரும்தாம் மேவன செய்தொழுக லான்.’ கேட்க ஆளில்லாமல் இஷ்டப்படி நடப்பதில் இரண்டு பேரும் ஒன்றாம். அடி கயவருக்கு மட்டுமா விழுந்தது? தேவர்களுக்கும் சேர்த்துத்தான்.