ஓட வெச்சுக் குடுங்க: பழைய வாட்ச், பட்டாள வாட்ச்

வணக்கம் மக்களே! ஃபேனை நிறுத்தி வெச்சிருக்கேன், வேர்த்து ஊத்துது, பரவாயில்ல. முதல்ல ஒரு சத்தம் கேளுங்க. மைக் பக்கத்துல வைக்கிறேன்.

கேட்டுச்சா? இது எச்எம்டி ஜனதா, சாவி குடுக்குற வாட்ச். விநாடிக்கு 5 தட்டு, மணிக்கு 18,000. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டா 4,32,000 தட்டு. பேட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது. காலையில உங்க ரெண்டு விரல் குடுக்குற முறுக்குதான் உள்ள சுருண்டு கிடக்குற ஸ்பிரிங்ல ஏறி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா அவுந்துக்கிட்டே இருக்கும்.

பழைய வாட்ச் வாங்குறதப் பத்தி நெறைய பேர் வீடியோ போடுறாங்க. நான் இன்னைக்கு அதைக் குடுக்குறதப் பத்திப் பேசப் போறேன். பெட்டியில அடுக்கி வெச்சுப் பாக்குறதும் சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நின்னு போன ஒரு வாட்சை ஓட வெச்சு, அதுக்குப் பொருத்தமான கையில கட்டி விடுற சந்தோஷம் தனி. நான் தேடி அலையுறதே அதுக்காகத்தான்.

பட்டாளத்து வாட்ச்சுல இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம பாண்டிச்சேரி கடற்கரை சாலையில, காந்தி சிலைக்குப் பக்கத்துல, பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் இருக்குல்ல? முதல் உலகப் போர்ல செத்துப்போன பிரெஞ்சு இந்தியச் சிப்பாய்ங்களுக்காகக் கட்டினது. ஆம்பளைங்க கையில வாட்ச் கட்டுற பழக்கம் பரவுனதே அந்தப் போர்லதான். அதுக்கு முன்னாடி ஆம்பளைன்னா பாக்கெட் வாட்ச். கையில கட்டுறது பொம்பளைங்க நகைன்னு ஒரு நெனப்பு. பதுங்கு குழியில ஒரு கையில துப்பாக்கி, இன்னொரு கையில வேற ஏதோ, இதுல கோட்டுப் பையிலேர்ந்து கடிகாரத்தை எப்ப எடுத்து எப்ப பாக்குறது? பின்னாடியிருந்து பீரங்கி சுடுறவங்களும் முன்னாடி ஓடுறவங்களும் ஒரே நிமிஷத்துல இருக்கணும். நிமிஷம் தப்புனா சொந்த ஆளுங்க மேலயே குண்டு விழும். அதனால வாட்ச் கைக்கு வந்துச்சு. கண்ணாடி உடையக் கூடாதுன்னு மேல ஒரு இரும்புக் கம்பி மூடி கூட மாட்டுனாங்க.

பட்டாள வாட்ச்சுல எனக்குப் பிடிச்சதே இதுதான். அழகுக்குன்னு ஒண்ணு கூட இருக்காது. எதைத் தொட்டுக் கேட்டாலும் காரணம் வரும். இப்ப இதைப் பாருங்க, கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன். ஸ்ட்ராப் மாட்டுற இந்தக் கம்பி அசையாது. சாதாரண வாட்ச்சுல ஸ்பிரிங் கம்பி இருக்கும், நகத்தால அழுத்துனா கழண்டு வந்துடும். இதுல கம்பியை உடம்போடவே பொருத்தி வெச்சிருக்காங்க. எங்கயாவது மாட்டி இழுத்தா ஸ்ட்ராப் கிழியும், வாட்ச் விழாது. அதனாலதான் இதுக்கு ஒரே துண்டா இருக்குற நைலான் பட்டையை உள்ள நுழைச்சு மாட்டணும். இன்னைக்கு எல்லாரும் நேட்டோ ஸ்ட்ராப்னு வாங்குறீங்களே, அது பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல தரம் எழுதி வெச்ச 20 மில்லிமீட்டர் சாம்பல் பட்டை. சிப்பாய் ஜி1098-ங்கிற படிவத்தை நிரப்பிக் குடுத்துதான் அதை வாங்கணும். அதுலேர்ந்துதான் ஜி10-ங்கிற பேரு.

ரெண்டாம் உலகப் போர் முடியுற நேரத்துல பிரிட்டிஷ் ராணுவம் ஒரு தரப் பட்டியல் போட்டுச்சு. கருப்பு டயல், வெள்ளை எண், இருட்டுல ஒளிர்ற முள்ளு, சக்கரம் தேயாம இருக்க உள்ள 15 கல்லு வெச்ச மெஷின், தண்ணி போகாத கேஸ். 12 கம்பெனி அதைச் செஞ்சு குடுத்தாங்க, 1945-ல வந்து சேந்துச்சு. ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐடபிள்யூசி, ஜேகர் லெகூல்த்ர, சைமா, வெர்டெக்ஸ், டிமோர், எடெர்னா, ரெக்கார்ட், லெமேனியா, புரேன், கிரானா. சேகரிக்கிறவங்க இதை டர்ட்டி டசன்னு சொல்லுவாங்க. கிரானாதான் அதுல ரொம்ப அரிது. பன்னெண்டையும் சேக்கணும்னு வாழ்க்கையையே குடுக்குறவங்க இருக்காங்க. எனக்கு அந்த ஆசை இல்ல. கணக்கை முடிக்கிறதுக்காக வாங்குற வாட்ச் கடைசியில லாக்கர்லதான் கிடக்கும்.

ஆனா ஒரு எச்சரிக்கை, இதைக் கவனமாக் கேளுங்க. அந்தக் காலத்து வாட்ச்சுங்கள்ல ஒளிர்றதுக்குப் பூசுனது ரேடியம், கதிர்வீச்சு வீசுற பொருள். இன்னைக்கு இருட்டுல வெச்சுப் பாத்தா ஒளி வராது. செத்துப் போச்சுன்னு நெனைக்காதீங்க. ஒளி குடுக்குற ரசாயனம்தான் தேஞ்சு போச்சு, ரேடியம் அப்படியே இருக்கு. அது பாதியாக் குறையவே 1,600 வருஷம் ஆகும். மூடி இருக்குற வரைக்கும் ஒரு அளவுக்குப் பரவாயில்ல. திறந்து, முள்ளைச் சொரண்டி, தூள் மூக்குக்குள்ள போச்சுன்னா ஆபத்து. அமெரிக்காவுல இதே பெயிண்ட்டை டயல்ல பூசுன பொண்ணுங்க, பிரஷ் நுனியை உதட்டுல கூராக்கிக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்தே போனாங்க. அப்புறம்தான் கதிர்வீச்சு பலம் குறைஞ்ச டிரிட்டியத்துக்கு மாறுனாங்க. அது பாதியாக் குறைய 12 வருஷம் சொச்சம்தான். டயல்ல வட்டத்துக்குள்ள T எழுத்து இருந்தா டிரிட்டியம். T எழுத்து இல்லாத பழைய ஒளிர்ற டயலா இருந்தா அதைச் சின்னப் பிள்ளைக்குப் பரிசாக் குடுக்காதீங்க. பெரியவங்களுக்குக் குடுத்தாலும் சொல்லிட்டுக் குடுங்க. வீட்டுல திறக்கவே திறக்காதீங்க.

ரஷ்யாக்காரங்களோடது வேற மாதிரி மூளை. இது வோஸ்டோக் ஆம்ஃபிபியா, சிஸ்டபோல் ஊர்ல செஞ்சது, 1967-ல வந்த மாடல். மத்த வாட்ச் எல்லாம் இறுக்கி மூடித் தண்ணியைத் தடுக்கும். இது தண்ணியோட அழுத்தத்தையே வேலைக்கு வெச்சுக்கும். ஆழம் போகப் போக, பின்மூடியையும் கண்ணாடியையும் தண்ணியே உள்பக்கமா அமுக்கி இன்னும் இறுக்கமாக்கிடும். 200 மீட்டர் வரைக்கும் தாங்குற மாதிரி செஞ்சாங்க. சாவியை வெளிய இழுத்தா லொடலொடன்னு ஆடும். ரிப்பேர்னு நெனச்சுடாதீங்க, அடி பட்டா உள்ள இருக்குற தண்டு வளையக் கூடாதுன்னு வேணும்னே அப்படி விட்டிருக்காங்க.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். பழைய வீடுகள்ல பீரோவுக்குள்ள வெஸ்ட் எண்ட் கம்பெனியோட சோவார் ப்ரைமா கிடைச்சா விட்டுடாதீங்க. சுவிஸ்ல செஞ்சு, பம்பாய் கல்கத்தா வழியா நம்ம ஆளுங்க கையில ஏறுன வாட்ச் அது. அப்புறம் ஃபேவர் லூபா. அதுக்கப்புறம் 1961-ல பெங்களூர்ல ஜப்பான் சிட்டிசனோட கூட்டுல எச்எம்டி ஆரம்பிச்சாங்க. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா, காஞ்சன், பட்டாளத்துக்காரங்களுக்குன்னு ஜவான். நம்ம வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மோதிரம், செயினோட ஒரு வாட்ச்சும் எழுதுவாங்கல்ல, பல வருஷம் அந்த வாட்ச் எச்எம்டிதான். ரிட்டயர்மென்ட் அன்னைக்கு மாலை போட்டு மேடையில குடுத்ததும் அதேதான். பேட்டரி வாட்ச் வந்து, இந்தப் பக்கம் ஓசூர்ல டைட்டன் வந்து, எச்எம்டி தேய ஆரம்பிச்சுச்சு. 2016-ல எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்துச்சு.

பாண்டிக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. சொல்தா வீடுங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற குடும்பங்க. ஜூலை 14-ஆம் தேதி, பிரான்ஸ் தேசிய நாள் அன்னைக்கு, மெடல் குத்திக்கிட்டு பெரியவங்க வருவாங்க, பாத்திருப்பீங்க. அந்த வீடுகள்ல சுவிஸ் வாட்ச்சை விட பிரான்ஸ் நாட்டு பெசான்சோன் ஊர்ல செஞ்ச லிப் வாட்ச் கண்ணுல படும். 1973-ல ஆலையை மூடப் போறாங்கன்னதும் தொழிலாளிங்களே கைப்பத்தி, தாங்களே வாட்ச் செஞ்சு தாங்களே வித்தாங்களே, அதே லிப். எங்க தெருவுல ஒரு தாத்தா, அவரோட லிப்பைக் காட்டினாரு. டயல் வெள்ளையா இருந்தது டீ நிறத்துக்கு வந்துருச்சு. பின்மூடியில எழுத்து எல்லாம் தேஞ்சு வழுவழுன்னு, மணிக்கட்டு எலும்பு படுற இடம் மட்டும் லேசாக் குழிஞ்சிருக்கு. விலை கேக்கக் கூட எனக்கு வாய் வரல. "தாத்தா, இதை பேத்திக்குக் குடுங்க"ன்னுதான் சொன்னேன். பேத்தி கைக்கு அளவும் சரியா இருக்கும். இதை நல்லாப் புரிஞ்சுக்கோங்க, பழைய ஆம்பளை வாட்ச் எல்லாம் 33லேர்ந்து 36 மில்லிமீட்டர்தான். இன்னைக்கு இருக்குற தட்டு சைஸ் கிடையாது. பொண்ணுங்க கைக்கு அவ்வளவு பொருத்தம்.

எங்க கிடைக்கும்? ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல தரையில விரிச்சிருக்குற பழைய சாமான்ல கண்ணு வையுங்க. அதை விட நல்ல இடம், பழைய வாட்ச் ரிப்பேர் கடை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் போனாலும் சரி, இங்கயே சந்துகள்ல போனாலும் சரி, அந்த மாஸ்டர்ங்க மேஜை டிராயர்ல ரிப்பேருக்குக் குடுத்துட்டுத் திரும்ப வராதவங்களோட வாட்ச் கிடக்கும். உக்காந்து பேசுங்க. அவசரப்படாதீங்க. அவங்களுக்கு ஒவ்வொரு மெஷினும் முகம் மாதிரி ஞாபகம் இருக்கும்.

ஆன்லைன்ல பளபளன்னு ஆரஞ்சு, பச்சை, ஊதா டயலோட பழைய வாட்ச்னு ஒண்ணு சுத்துது பாருங்க, அதை வாங்காதீங்க. பழைய மெஷினுக்கு மேல புது டயல் அச்சடிச்சு ஒட்டுனது. கண்டுபிடிக்கிறது சுலபம். லென்ஸ் வெச்சு எழுத்தோட ஓரத்தைப் பாருங்க, மை கசிஞ்சு தடிச்சிருக்கும். நிமிஷக் கோடு முள்ளு நுனிக்கு நேரா நிக்காது. கேஸ் முழுக்க கீறல், டயல்ல ஒரு புள்ளி கூட இல்லன்னா, அது ரீடயல்தான். ஒரிஜினல் டயல்ல ரெண்டு கறை இருந்தாலும் அதுதான் எனக்கு வேணும். பாலிஷ் போடுறவங்க கிட்டயும் இதையே சொல்றேன், தயவு செஞ்சு கேஸைத் தேய்க்காதீங்க. ஓரத்துல இருந்த கூர் எல்லாம் மழுங்கிப் போச்சுன்னா திரும்ப வராது.

இப்ப குடுக்குற விஷயம். அக்கா பையன் ராணுவத்துல சேந்தான். எல்லாரும் கவர்ல பணம் வெச்சாங்க. நான் ஜவான் வாட்ச் ஒண்ணு தேடிப் பிடிச்சேன். கிடைச்சப்ப ஓடல. மாஸ்டர் பின்மூடியைக் கழட்டினதும் காட்டினாரு, எண்ணெய் காஞ்சு பிசின் மாதிரி பச்சையா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு பல்சக்கரமா எடுத்து, கழுவி, குச்சியால கல்லுக்குழி ஒவ்வொண்ணையும் தொடைச்சாரு. 17 கல்லுன்னு டயல்ல போட்டிருக்குல்ல, அது விலை உயர்ந்த கல்லு இல்ல, செயற்கை ரூபி. சக்கரத்தோட முனை உரசித் தேயாம இருக்க வெச்சது. அந்தக் குழியில ஊசி முனையில ஒரு பொட்டு எண்ணெய். இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்குற பேலன்ஸ் சக்கரத்தைப் பூட்டி லேசா ஊதினாரு பாருங்க, சட்டுனு உயிர் வந்து ஆட ஆரம்பிச்சுச்சு! அந்த இடத்துக்காகவே எவ்வளவு தூரம் வேணா போகலாம்.

பையன் ஸ்மார்ட் வாட்ச் கட்டி வளந்தவன். "மாமா, இதுல என்னல்லாம் வரும்?"னான். "மணி வரும்டா"ன்னேன். இப்ப போன் பண்ணுறப்ப எல்லாம் அவனே சொல்லுறான், காலையில எழுந்ததும் முதல் வேலை சாவி குடுக்குறதுதானாம்.

ஆளைப் பாத்து வாட்ச் எடுங்க. நாடி பாக்குற நர்ஸுக்கு வெள்ளை டயல், நீளமான விநாடி முள்ளு. வாத்தியாருக்கு எண் பெருசா இருக்கணும். நண்பனோட அப்பா கோஹினூர் கட்டியிருந்து, இப்ப அவர் உயிரோட இல்லன்னா, அந்த நண்பனுக்கு அதே மாடல் தேடிக் குடுத்தா, அதுக்கு மேல பேச்சே வேணாம். சர்வீஸ் பண்ணாம மட்டும் குடுக்காதீங்க. எண்ணெய் இல்லாம ஓடுற மெஷின் தன்னைத் தானே தின்னும். மாத்துன பழைய பாகம், பழைய கண்ணாடி எதுவா இருந்தாலும் சின்னக் கவர்ல போட்டுக் கூடவே குடுத்துடுங்க, அது அந்த வாட்ச்சோட சொத்து.

கூட ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வையுங்க. தினம் ஒரே நேரத்துல, கையிலேர்ந்து கழட்டி வெச்சு, சாவி குடுக்கணும். இறுக்கம் தெரிஞ்சதும் நிறுத்திடணும். தேதி இருக்குற வாட்ச்சா இருந்தா ராத்திரி 9 மணியிலேர்ந்து 3 மணி வரைக்கும் தேதியை மாத்தக் கூடாது, பல்லு உடையும். ஸ்பீக்கர், காந்த மூடி வெச்ச போன் கவர் பக்கத்துல வைக்கக் கூடாது, காந்தம் ஏறிச்சுன்னா நிமிஷக்கணக்குல வேகமா ஓடும். பின்மூடியில வாட்டர்ப்ரூஃப்னு என்ன எழுதியிருந்தாலும் நம்பாம மழைக்கும் கடலுக்கும் கழட்டி வைக்கணும். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டே ஆகணும். கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்சிருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காம அன்னைக்கே மாஸ்டர் கிட்ட ஓடணும். அந்த மாஸ்டர் கடை எங்க இருக்குன்னும் சீட்டுலயே எழுதிடுங்க.

அடுத்த வீடியோவுல அந்த ஜனதாவை மாஸ்டர் மேஜையிலயே முழுசாப் பிரிச்சுக் காட்டுறேன், அவர் சரின்னு சொல்லிட்டாரு. இப்ப ஃபேனைப் போட்டுக்குறேன். வர்றேன் மக்களே!