எலுமிச்சம்பழத்தை ஆணியடித்தவர்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் நிறையவே இருக்கிறது.

இன்று ஜான் ஸ்குவயர் பற்றிப் பேசப்போகிறேன். ஸ்டோன் ரோசஸ் என்ற மான்செஸ்டர் ராக் குழுவின் கிடார் கலைஞர். அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் வழக்கமாக 'கிடார் வாசிப்பார், ஓவியமும் வரைவார்' என்பார்கள். எனக்கு அந்த 'உம்'மோடுதான் சண்டை.

1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். பச்சையும் கறுப்புமாக வண்ணம் சிதறிய ஓவியம், இடது ஓரத்தில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள், நடுவே எலுமிச்சைத் துண்டுகள். வரைந்தவர் ஸ்குவயர். அந்த எலுமிச்சை மட்டும் அவர் வரைந்ததில்லை! நிஜப் பழத்தை வெட்டி ஓவியத்தின் மேல் ஆணியடித்து, அப்படியே புகைப்படம் எடுத்துவிட்டார்கள். ஏன் எலுமிச்சை? 1968 மே மாதம் பாரிஸில் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, கண்ணீர்ப்புகையைச் சமாளிக்க எலுமிச்சையைப் பயன்படுத்தினார்களாம். பாடகர் இயன் பிரவுன் ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்ன கதை இது. அதே சங்கதிதான் அந்த ஆல்பத்தில் 'பை பை பேட்மேன்' (Bye Bye Badman) என்ற பாட்டாகவும் இருக்கிறது, ஓவியத்தின் பெயரும் அதுவே. அந்தப் பச்சை, வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே கடற்கரையில் ஸ்குவயர் பார்த்த தண்ணீரின் நிறம்.

சரி, ஆள் யார்? 1962-இல் பிறந்தவர். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டிம்பர்லி என்ற ஊரில், இயன் பிரவுனின் வீடு இருந்த அதே தெருவில் வளர்ந்தவர். கிடாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். குழு பெயர் வாங்குவதற்கு முன்னால் காஸ்குரோவ் ஹால் என்ற அனிமேஷன் நிறுவனத்தில், குழந்தைகளுக்கான பொம்மைப் படங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து கொடுக்கும் வேலை பார்த்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போய்விடுவார்கள், எனக்கென்னவோ அவர் கைக்குப் பழக்கம் அங்கேதான் ஏறியிருக்கும் என்று தோன்றுகிறது.

அப்புறம் ஜாக்சன் போலக். கித்தானைத் தரையில் விரித்து, குச்சியாலும் டப்பாவாலும் வண்ணத்தை ஊற்றியும் சொட்டவிட்டும் வரைந்த அமெரிக்க ஓவியர். 1947-இல் அவர் வரைந்த 'ஃபுல் ஃபேதம் ஃபைவ்' நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் வண்ணத்துக்குள் ஆணி, பொத்தான், காசு, சிகரெட் எல்லாம் புதைந்து கிடக்கும். (இப்போது அந்த எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஸ்குவயர் இந்தப் பாணியை இசைத்தட்டு உறைகளில் மட்டுமல்ல, கிடார், டிரம்ஸ், உடுத்தும் சட்டை வரைக்கும் தெளித்தார். பார்க்க அமர்க்களமாக இருந்தது. ஆனாலும் அது போலக்கின் கையெழுத்துதான், ஸ்குவயருடையது அல்ல என்பேன். ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

போலக்கின் பாடத்தை ஸ்குவயர் உண்மையில் கற்றது ஒலியில் என்பதுதான் என் கட்சி. 1988-இல் வந்த 'எலிஃபன்ட் ஸ்டோன்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஒரு துண்டு உண்டு, அதற்குப் பெயரே 'ஃபுல் ஃபேதம் ஃபைவ்'. அது என்ன என்கிறீர்களா, அதே 'எலிஃபன்ட் ஸ்டோன்' டேப்பைப் பின்னோக்கி ஓட்டியது, அவ்வளவுதான். முதல் ஆல்பத்தில் 'வாட்டர்ஃபால்' பாட்டின் டேப்பைத் திருப்பி ஓட்டி, அதன்மேல் புது வரிகளை ஏற்றினார்கள், அதுதான் 'டோன்ட் ஸ்டாப்'. வண்ணம் எங்கே விழும் என்பதைப் பாதி தற்செயலுக்கு விட்டு, விழுந்த பிறகு எதை வைத்துக்கொள்வது என்று கண் முடிவுசெய்கிறது இல்லையா, இங்கே அந்த வேலையைக் காது செய்கிறது. கிடாரும் அப்படித்தான்: ஒன்றின்மேல் ஒன்றாக இழைகள், எது முன்னால் எது பின்னால் என்று சட்டென்று சொல்ல முடியாது.

இதே வண்ணம் நீதிமன்றத்துக்கும் போனது. பழைய ரெக்கார்டு கம்பெனி ஒன்று இவர்களைக் கேட்காமல் ஒரு வீடியோவோடு பழைய பாட்டை மறுபடி வெளியிட்டது. 1990 ஜனவரி 30 அன்று குழுவின் நால்வரும் வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த அலுவலகத்துக்கே போய்ப் பெயின்ட்டை ஊற்றிவிட்டு வந்தார்கள். ஆளுக்கு 3,000 பவுண்டு அபராதம். இதைக் கலை என்று நான் சொல்லவரவில்லை, அது அடாவடிதான்.

இரண்டாவது ஆல்பம் 1994 டிசம்பரில் வந்தது. பெரும்பாலான பாட்டுகள் ஸ்குவயர் எழுதியவை. கிடார் கொட்டிக் கிடக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்று தெரியாத ஓவியம் போல எனக்குப் படுகிறது. 1996-இல் விலகினார், பிறகு அவர் தொடங்கிய ஸீஹார்ஸஸ் என்ற குழு ஒரு ஆல்பத்தோடு முடிந்தது. அதன்பின் தனியாக இரண்டு ஆல்பங்கள். 2004-இல் வந்த 'மார்ஷல்ஸ் ஹவுஸ்' எனக்கு முக்கியம், காரணம் அதில் பாட்டுத் தலைப்புகள் எல்லாமே எட்வர்ட் ஹாப்பரின் ஓவியங்கள். போலக்கிலிருந்து ஹாப்பருக்கு எவ்வளவு தூரம் பாருங்கள்! ஒருவர் கித்தான் முழுக்க இறைப்பவர், மற்றவர் காலி அறையில் வெயில் விழுவதை வரைந்துவிட்டு விலகிக்கொள்பவர். அந்த ஆண்டிலிருந்து ஸ்குவயர் ஓவியக் கண்காட்சிகளும் வைக்கத் தொடங்கினார்.

2009-இல், கலைந்துபோயிருந்த ஸ்டோன் ரோசஸ் மறுபடி சேரப்போகிறது என்று வதந்தி. ஸ்குவயர் அறிக்கை விடவில்லை, ஒரு படைப்பாகவே பதில் செய்தார்: அந்தக் குழுவின் கல்லறையை அசிங்கப்படுத்த எனக்குத் துளியும் ஆசையில்லை என்ற வாசகம், கீழே தேதி. இரண்டரை ஆண்டு கழித்து, 2011 அக்டோபரில், நால்வரும் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து சேர்ந்துவிட்டோம் என்றார்கள்! 2012-இல் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க்கில் மூன்று இரவுகள், 2 லட்சத்துக்கும் மேல் கூட்டம். 2015 நவம்பரில் அந்த நகரத்தின் சுவர்களில் எலுமிச்சைப் படம் போட்ட போஸ்டர்கள் முளைத்தன. என்ன விஷயம் என்று ரசிகர்களுக்கு யாரும் விளக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

கடைசிக் கச்சேரி 2017-இல். 2024-இல் ஒயாசிஸ் குழுவின் பாடகர் லியம் கேலகரோடு சேர்ந்து ஸ்குவயர் ஒரு ஆல்பம் வெளியிட்டார், அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

பேசியது போதும். இப்போது அந்த 1988 பாட்டைப் போடுகிறேன், உடனே அதன் மறுபக்கத்தையும் கேட்போம். யாராவது ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.