பதினோராவது சுற்று

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 26 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகளின் விடாமுயற்சியை அளக்க முடியுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சிலேட்டில் நாலு எழுத்து எழுதினால் பலப்பத்தைக் கீழே வைத்துவிடுவான். அவனுடைய மதிப்பீட்டுத் தாளில் 'முயற்சி போதாது' என்று என் கையாலேயே எழுதினேன். அதே வாரம், மதியச் சாப்பாடு முடிந்து வேப்பமரத்தடியில் அவன் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தான். ஆணியில் ஆரம்பித்து மேலே வரும்போது கயிறு வழுக்கி விழுந்துவிடும். நுனியை எச்சிலில் நனைப்பான், மறுபடி ஆணியிலிருந்து தொடங்குவான். நான் எண்ண ஆரம்பித்தேன். பதினோராவது முறை கயிறு நின்றது. விட்டான்; பம்பரம் சுற்றியது. அவனிடம் முயற்சி இல்லை என்று எழுதியவள் நான்.

அமெரிக்காவில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960களின் கடைசியில் பிள்ளைகளின் பொறுமையை அளக்க ஒரு சோதனை தொடங்கினார். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, 'நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருகிறேன்' என்பார்கள். பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று பேசப்பட்டது. ஆனால் 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு. 'நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்' என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, 'இல்லை, மன்னித்துக்கொள்' என்றார்கள். அப்புறம்தான் மிட்டாய் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான்.

நம் ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கும். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் வளரும். 'அடுத்த வாரம் வருகிறோம் சாமி' என்று போனில் சொல்வார்கள். கான்கிரீட் போடும் நாள் தள்ளிப்போகும், வரமுடியாது. அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை 'இப்போதே கொடு' என்று அடம்பிடித்தால், அதைப் பொறுமையில்லாத பிள்ளை என்று எப்படிச் சொல்வது? அது பட்டறிவு. வர முடியாத வாரத்தில் 'வரமாட்டோம்' என்றே சொல்லிவிடுங்கள். பிள்ளை அழும், அழட்டும்.

இன்னொன்று, நம் கை. ஜூலியா லெனார்ட் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் கை நீட்டிப் புதிரைத் தானே முடித்துக்கொடுத்தால், அடுத்து திறக்கக் கடினமான ஒரு பெட்டியைக் கொடுக்கும்போது பிள்ளை சீக்கிரமே முயற்சியை விட்டுவிடுகிறது. காலையில் பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் சட்டைப் பொத்தானை நாமே போட்டுவிடுகிறோம் இல்லையா, அதேதான்.

சரி, எப்படி அளப்பது? அம்மாக்களே, பாட்டிகளே, பேனாவும் தாளும் வேண்டாம். நாளைக்குக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். பிள்ளை பொத்தான் போடும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருங்கள். எத்தனை பொத்தான் போட்டான் என்பதை எண்ணாதீர்கள். நழுவியபின் எத்தனை தடவை மறுபடி தொட்டான், அதை எண்ணுங்கள். வீட்டுக்கு வீடு ஒப்பிடவும் வேண்டாம். பம்பரத்தில் 11 தடவை முயன்றவன் சிலேட்டில் நாலு எழுத்தோடு நின்றான்; எதில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடுகிறது.

அந்த மதியம் நான் வகுப்புக்குப் போய், அவன் தாளில் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சாட்டை, 11 முறை' என்று எழுதினேன். மறுநாள் எழுத்துப் பாடத்துக்கு அவனைப் பம்பரத்தையும் கொண்டுவரச் சொன்னேன்.