கணக்கில் வராத சாவுகள்: நன்னீர் மட்டிகளைப் பற்றி ஓர் உரை

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஓர் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் அன்று மாலைக்குள் கரையில் கூட்டம் கூடிவிடும். நாற்றம் ஊரைக் கூட்டும், மறுநாள் நாளிதழில் படம் வரும், கழிவு நீர் கலந்ததா, வெயில் காரணமா என்று யாராவது அதிகாரிகளைக் கேட்பார்கள். அதே ஆற்றின் அடியில் வாழும் மட்டிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தால் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. அவை மிதந்து வருவதில்லை. சதை சில நாட்களில் அழுகிவிடும், அல்லது மற்ற உயிர்களுக்கு இரையாகிவிடும். ஓடு மட்டும் மணலில் கிடக்கும், ஆற்றில் ஓடு கிடப்பது இயல்புதானே என்று நாமும் தாண்டிப் போய்விடுவோம். மட்டிகளின் கூட்டச் சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றாலும், பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய ஒரு விஷயம். உயிரோடு இருந்தபோது எத்தனை இருந்தன என்று யாரும் எண்ணி எழுதி வைக்காத ஆற்றில், எத்தனை செத்தன என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

மட்டி என்றதும் உள்ளங்கை அளவில் இரண்டு ஓடுகள் சேர்ந்த ஓர் உயிரை நினைத்துக்கொள்ளுங்கள். உடலில் பெரும்பகுதி மணலில் புதைந்திருக்க, அது ஒரு துளை வழியாக நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாசியையும் பாக்டீரியாவையும் செவுள்களில் வடித்து உண்டு, தெளிந்த நீரை இன்னொரு துளை வழியாக வெளியே விடுகிறது. நன்கு வளர்ந்த ஒரு மட்டி நாளொன்றுக்கு 40 லிட்டர் வரை நீரை இப்படி வடிக்கக்கூடும். ஆயுளும் குறைவானதன்று. பல இனங்கள் சில பத்தாண்டுகள் வாழ்கின்றன. ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளில் உள்ள நன்னீர் முத்து மட்டி 100 ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. இந்த நீண்ட ஆயுளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

இனி, மட்டிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் நான் சொல்லாமல் விடாத கதை ஒன்று. தாய் மட்டியின் செவுளில் வளரும் இளம்புழுக்கள் வெளியே வந்ததும் ஏதேனும் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் ஒட்டுண்ணியாக வாழ்ந்தால்தான் குட்டி மட்டிகளாக மாற முடியும். மீன் கிடைக்காதவை செத்துவிடும். அதுவும் எந்த மீனாக இருந்தாலும் சரி என்று பல இனங்கள் இருப்பதில்லை, குறிப்பிட்ட சில மீன்கள்தான் வேண்டும். கண் இல்லாத, மணலில் புதைந்து கிடக்கிற ஓர் உயிர் தனக்கு வேண்டிய மீனை எப்படிப் பிடிக்கும்? வட அமெரிக்க ஆறுகளில் ஸ்னஃப்பாக்ஸ் என்று ஒரு சிறிய மட்டி இருக்கிறது. அங்கே லாக்பெர்ச் என்ற மீனுக்கு, இரை தேடி மூக்கால் கற்களைப் புரட்டுகிற பழக்கம். பெண் மட்டி ஓட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். மீனின் மூக்கு பட்டதும் சட்டென்று மூடி அதன் தலையைக் கவ்விக்கொள்ளும். கவ்விய பிடியை விடாமல், இளம்புழுக்களை அதன் வாய்க்கும் செவுளுக்கும் நேராகப் பீச்சிவிட்டு, வேலை முடிந்ததும் விட்டுவிடும். லாக்பெர்ச்சுக்கு மண்டையோடு கெட்டியானது, அதனால் பிழைத்துக்கொள்கிறது. மெல்லிய மண்டையுள்ள வேறு சிறு மீன் மாட்டினால் அந்தப் பிடியிலேயே செத்துப்போவதும் உண்டு. இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் மட்டியின் கதி மீனின் கதியோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குக் கிடைத்ததில்லை.

மீன் போனால் மட்டி என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பி ஆறு சாட்சி. 1913-இல் கியோகக் என்ற இடத்தில் குறுக்கே அணை எழுந்தது. கடலோரப் பகுதியிலிருந்து ஆற்றில் ஏறி வரும் ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங் மீன் அணையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. அந்த மீனை நம்பியிருந்த எபனிஷெல் என்ற மட்டி, அதற்குமுன் பொத்தான் தொழிலுக்கு மூட்டை மூட்டையாக அள்ளப்பட்ட இனம். 1905-இல் அயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் நகரம் மட்டும் ஏறத்தாழ 150 கோடி பொத்தான்களைச் செய்தது என்றால், எவ்வளவு ஓடுகள் வெட்டப்பட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அள்ளியது போக மிஞ்சிய மட்டிகள் அணைக்கு மேலே பல பத்தாண்டுகள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் குட்டிகள் இல்லை. ஆயுள் நீண்டது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது: ஆற்றில் மட்டி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகிறோம், அவை எல்லாம் கிழட்டு மட்டிகள் என்பது பதிவில் இருப்பதில்லை. ஆகவே, எண்ணினால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும்.

இப்போது கூட்டச் சாவுக்கு வருகிறேன். வர்ஜீனியாவிலும் டென்னசியிலும் ஓடும் கிளிஞ்ச் ஆறு, 40-க்கும் மேற்பட்ட மட்டி இனங்கள் வாழும் ஆறு. அங்கே 1998-இல் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து ரசாயனம் ஓடையில் கலந்தபோது ஏறத்தாழ 7,000 மட்டிகள் மடிந்தன. இனம் பார்க்காமல் எல்லாம் செத்தன, மீன்களும் நத்தைகளும் சேர்ந்தே செத்தன, காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 2016-இல் அதே ஆற்றில் தொடங்கியது வேறு வகை. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் நாட்களில், ஃபெசன்ட்ஷெல் என்ற ஒரே இனத்து மட்டிகள் மணலை விட்டு மேலே வந்து வாய் பிளந்து கிடந்தன. நலமான மட்டியைத் தொட்டால் உடனே ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். இவற்றைத் தொட்டபோது ஓடு மெல்ல மெல்ல அசைந்து, மூடியும் மூடாமலும் நின்றது. பக்கத்திலேயே வேறு இனத்து மட்டிகள் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் நீர் வடித்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் அதே காட்சி, அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. ஆற்றின் ஒரு குறுகிய நீட்சியில் மட்டும் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 80,000 மட்டிகள் மடிந்ததாக மதிப்பிட்டார்கள்.

விஷம் கலந்தால் இப்படி ஓர் இனத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொல்லுவது அரிது. நோய் அப்படிச் செய்யும். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் உயிரியலாளர் ஜோர்டன் ரிச்சர்டும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டோனி கோல்ட்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து, நோயுற்ற மட்டிகளையும் நலமான மட்டிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, அதற்குமுன் அறியப்படாத ஒரு டென்சோவைரஸ் நோயுற்றவற்றில் மிகுதியாக இருப்பதை 2020-இல் வெளியிட்டார்கள். மற்ற ஆய்வுகளில் சில பாக்டீரியாக்களும் தென்பட்டன. வைரஸ்தான் கொன்றது என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை, அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். சீனாவில் முத்து வளர்ப்புக்குரிய மட்டிகளை ஒரு வைரஸ் பல ஆண்டுகளாக அழித்துவந்தது தெரிந்திருந்தும், இயற்கையாக ஆறுகளில் வாழும் மட்டிகளுக்கு நோய் வரக்கூடும் என்று தேடிப் பார்த்தவர்கள் அதுவரை மிகக் குறைவு.

இங்கேதான் என் பழைய பல்லவியைத் திரும்பப் பாட வேண்டியிருக்கிறது. 80,000 என்ற எண்ணை அவர்களால் சொல்ல முடிந்தது எப்படி? 1970-களின் இறுதியிலிருந்தே அந்த ஆற்றில் சிலர் குப்புறப் படுத்து, கால் சதுர மீட்டர் இரும்புச் சட்டத்தை அடியில் வைத்து, அதற்குள் இருக்கும் மட்டிகளை எடுத்து எண்ணி, மீண்டும் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அலுப்பூட்டும் வேலை, நிதி கேட்டால் எளிதில் கிடைக்காத வேலை. அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் 2016-இல் நடந்தது 'கொஞ்சம் மட்டி செத்துக் கிடந்தது' என்ற பேச்சோடு முடிந்திருக்கும்.

எண்ணியவர்கள் இல்லாமல் போயிருந்தால் தெரியாமலே போயிருக்கும் இன்னொரு கதை இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் இருக்கிறது. 1964-இல் கிறிஸ்டினா நீகஸ் என்ற ஆய்வாளர் ரெடிங் நகரருகே மட்டிகளை இனவாரியாக எண்ணி, அளந்து பதிந்து வைத்தார். 2020-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இசபெல் ஆலர்டும் டேவிட் ஆல்ட்ரிட்ஜும் அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் எண்ணினார்கள். ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்திருந்தது, ஓர் இனம் அறவே காணவில்லை. ஓடுகள் குவிந்து கிடந்த நாள் என்று எதுவும் யாருடைய நினைவிலும் இல்லை. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, இடைப்பட்ட காலத்தில் ஆற்று நீர் சுத்தமாகியிருந்தது என்பதுதான். மிஞ்சிய மட்டிகளின் வளர்ச்சியும் முன்பைவிடக் குறைந்திருந்தது. நீரில் ஊட்டச்சத்து குறைந்ததால் உணவான பாசியும் குறைந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். நீரைச் சுத்தம் செய்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று மேடையில் எளிதாகப் பேசுகிறவர்கள், நான் உட்பட, இதைக் கொஞ்சம் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

வறட்சியையும், 1988-இல் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டு அங்குள்ள மட்டிகளின் மேல் அடையாக ஒட்டி அவற்றை மூச்சுத் திணறவைத்த, வெளியிலிருந்து வந்த ஜீப்ரா மட்டியையும் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்து கை காட்டுகிறார்கள், எனக்கு இன்னும் ஒரு நிமிடமே இருக்கிறது. பாதுகாப்புக்கு நேராக வந்துவிடுகிறேன். 2023-இல் அமெரிக்க அரசு அழிந்துபோனவை என்று அறிவித்துப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய 21 உயிரினங்களில் 8 இனங்கள் மட்டிகள். மிஞ்சியவற்றுக்காகப் பண்ணைகளில், உரிய மீனின் செவுளில் இளம்புழுவை ஏற்றி, உதிரும் குட்டிகளைத் தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். குட்டி மட்டிகள் அம்மோனியாவுக்கு மிக எளிதில் பலியாவதால், அங்கே 2013-இல் நன்னீரில் அம்மோனியாவுக்கான வரம்பு மட்டியைக் கருதியே கடுமையாக்கப்பட்டது. ஆற்றில் விடும் முன் நோய் இருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயமாக வேண்டும் என்பேன். இல்லாவிட்டால் பண்ணையிலிருந்து நோயையும் சேர்த்தே ஆற்றுக்கு அனுப்பிவிடுவோம். விடும் ஒவ்வொரு மட்டியின் ஓட்டிலும் எண் பொறித்த சிறு வில்லை ஒன்றை ஒட்டுவதும் செலவுக் கணக்கில் முதலில் வர வேண்டும், வழக்கமாக முதலில் வெட்டப்படுவது அதுதான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.