களித்துடுப்பும் சிறுமூளையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மூளையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு என்றால் கரும்பலகையில் படம் போட்டுவிடுவேன். இங்கே அதற்கு வழியில்லை. அதனால் உங்கள் தலையையே படமாக வைத்துக்கொள்வோம்.

கை காலியாக இருப்பவர்கள் பின்னந்தலையைத் தொட்டுப் பாருங்கள். பிடரியிலிருந்து நடுக்கோட்டில் மெல்ல மேலே வந்தால் ஒரு சின்ன எலும்பு மேடு தட்டுப்படும். சிலருக்கு உடனே தெரியும், சிலருக்குக் கொஞ்சம் தேட வேண்டும். அந்த மேட்டுக்கு மேலே தொடங்கி, முன்னால் நெற்றி வரைக்கும் நிறைந்திருப்பது பெருமூளை. மேட்டுக்குக் கீழே, எலும்புக்கு உள்பக்கம் இருப்பது சிறுமூளை. இரண்டுக்கும் அடியில் ஒரு காம்பு போல இறங்கித் தண்டுவடத்தோடு சேர்வது மூளைத்தண்டு. சரி, கையை எடுத்துவிடலாம். இந்த மூன்று பெயர் போதும் இன்றைக்கு.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கிக் கழுவியவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிதாகப் புரியும். விரல் கொஞ்சம் அழுந்தினாலே உடைந்துவிடும், அவ்வளவு மெத்து. மேலே வளைவு வளைவாக மடிப்புகள். பின்பக்கம் ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கோடுகள் மிக நெருக்கமாக, புத்தகத்தின் தாள்களை ஓரத்தில் பார்ப்பது போல இருக்கும். அதுதான் சிறுமூளை. நமக்கும் அதே அமைப்புதான், அளவுதான் வேறு. நம்முடைய மூளை ஏறத்தாழ 1,300, 1,400 கிராம் எடை. உடல் எடையில் இரண்டு சதவீதம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயன்படாத பொருளுக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்ததே அதற்காகத்தான்.

அம்மாவுக்குக் கடைசி நாலைந்து வருடம் ஞாபகம் போய்விட்டது. அல்சைமர் என்றார்கள். முதலில் நேற்று நடந்தது மறந்தது, அப்புறம் காலையில் சாப்பிட்டது மறந்தது, அப்புறம் நான் யார் என்பது. "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்று என்னையே கேட்பாள். ஒருநாள் சாயங்காலம் என் தம்பி மனைவி களி கிண்டிக்கொண்டிருந்தாள். நம் பக்கத்துக்காரர்களுக்கு ராகிக் களியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நொய் வெந்து, மாவைக் கொட்டி, மூடி வைத்து, இறக்கிக் கிண்டும்போது அந்தச் சில நிமிடம்தான் எல்லாமே. அன்றைக்குக் கட்டி விழுந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். ஒன்றும் பேசவில்லை. துடுப்பை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, தோளிலிருந்து அழுத்தம் கொடுத்து, பானை ஓரத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு கட்டியாக உடைத்தாள். துடுப்பில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்தினாள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருண்டை பிடித்தாள். எல்லா உருண்டையும் ஒரே அளவு.

அரைமணி கழித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "களி நல்லா இருக்கே, யாரு கிண்டினது?" என்றாள்.

நீதான் கிண்டினாய் என்றோம். அவள் நம்பவில்லை.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாடம் நடத்தும்போது எத்தனையோ முறை நான் சொன்ன கதை ஒன்று என் வீட்டு அடுப்படியிலேயே நடந்துவிட்டது. அந்தக் கதை அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருடையது. அவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953ல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக மூளையில் இரண்டு பக்கமும் காதுக்கு நேராக உள்ளே இருக்கும் பகுதியில் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அதில் ஒரு பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. இப்போது பேசிவிட்டுப் போன ஆள் திரும்பி வந்தால் புது ஆள். 2008ல் இறக்கும்வரை அப்படியேதான் இருந்தார்.

பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் ஒரு நட்சத்திரம். அதன் கோட்டை ஒட்டியே பென்சிலால் வரைய வேண்டும், ஆனால் கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், கை கோணல்மாணலாகப் போகும். மொலைசனுக்கும் முதலில் அப்படித்தான் போயிற்று. மூன்று நாள் பழகியதும் அழகாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்னே பின்னே செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. கை கற்றுக்கொண்டது, ஆளுக்கு அது தெரியவில்லை.

அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அந்த ஹிப்போகேம்பஸ் பக்கம்தான். அதனால்தான் அம்மாவுக்கு நான் மறந்துபோனேன். துடுப்பு மறக்கவில்லை. பழகின வேலையின் நினைவு வேறு இடத்தில் இருக்கிறது. பெருமூளையின் ஆழத்தில் இருக்கும் சில நரம்பு முடிச்சுகளில், அப்புறம் நாம் கை வைத்துப் பார்த்த அந்த மேட்டுக்குக் கீழே, சிறுமூளையில்.

சிறுமூளை என்று பெயர் வைத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. மொத்த மூளை எடையில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2009ல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மூளையின் நரம்பு செல்களைக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 8,600 கோடி. அதில் சிறுமூளையில் மட்டும் 6,900 கோடி. மறுபடியும் சொல்கிறேன், 8,600 கோடியில் 6,900 கோடி. ஐந்தில் நாலு பங்கு அந்தச் சின்னத் துண்டுக்குள் இருக்கிறது.

அங்கே என்ன வேலை நடக்கிறது? நிறைகுடம் என்று நினைத்து ஒரு குடத்தைத் தூக்குகிறீர்கள், அது காலிக்குடம். கை சட்டென்று மேலே போய்விடும், இல்லையா? எவ்வளவு கனம் இருக்கும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தொடுவதற்கு முன்பே கணக்குப் போட்டாகிவிட்டது. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. அந்த வித்தியாசத்தைப் பார்த்து அடுத்த தடவைக்குத் திருத்தி வைப்பதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. குடித்தவர் தள்ளாடுவதும், வாய் குழறுவதும் சிறுமூளை தடுமாறுவதால்தான். அங்கே அடிபட்டவருக்குக் கை செயலிழப்பதில்லை, ஆனால் டம்ளரை நோக்கிப் போகும் கை குறி தப்பி ஆடும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பீர்கள். சுழல் இழுக்கும் இடத்தில் பரிசல் ஓட்டி துடுப்பை எந்தச் சாய்வில் எப்போது போடுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அவரிடமே கேட்டால் வார்த்தையில் சொல்லத் தெரியாது. தண்ணீர் ஒவ்வொரு கணமும் மாறுகிறது, ஒவ்வொரு கணமும் கணக்கு மாறுகிறது. அவர் என்னிடம் படித்த பையனாகவும் இருக்கலாம். பாடம் ஏறாத பிள்ளையை "மூளை இல்லை, கைவேலைக்குத்தான் லாயக்கு" என்று ஆசிரியர்கள் சொல்லி என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கைவேலை மூளை வேலைதான். புளியம்பழம் உலுக்க மரம் ஏறுகிறவர், பூக்கட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர், களி கிண்டுகிறவர், எல்லோருக்கும் அந்த வேலை மூளையில்தான் எழுதியிருக்கிறது. பிள்ளைகளை அப்படிச் சொல்லாதீர்கள் என்று பெற்றோர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் ஞாபகமறதி உள்ள பெரியவர் இருந்தால் அவரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பழகின வேலையை, ஆபத்தில்லாததாகப் பார்த்து, பக்கத்தில் இருந்து செய்யவிடுங்கள். எங்கள் அம்மா அதற்குப் பிறகு தினமும் பூக்கட்டினாள்.

மணி காட்டுகிறார்கள். மூளைத்தண்டு, தூக்கம், பக்கவாதம் என்று மூன்று வைத்திருந்தேன். மூளைத்தண்டுதான் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்துகிறது, அதோடு விடுகிறேன். பக்கவாதத்தை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா, இதில் ஒன்று தெரிந்தாலும் போதும். தொடங்கின நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தண்ணீர் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் புரையேறும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.