பள்ளிக்கே போகாத பிள்ளை ராணுவ அதிகாரி ஆக முடியுமா?

[திரையில்: கடக்வாஸ்லா, சூடான் பிளாக் கட்டடம்]

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே, அதாவது ஹோம்ஸ்கூலிங்கில் படிக்கிற பிள்ளை ராணுவ அதிகாரி ஆகணும் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் முடியும். பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து முப்படை அதிகாரிகளாகப் பயிற்றுவது, புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி, அதாவது என்டிஏ. அது, எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதைத் தகுதியாக வைக்கவில்லை. அங்கீகாரமுள்ள போர்டில் பிளஸ் டூ, வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான். 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் தேர்வு எழுதுகிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியையே முடித்துவிட்டார்கள்.

[திரையில்: என்ஐஓஎஸ் பாடப் பட்டியல்]

முதலில் சான்றிதழ். வீட்டிலிருந்து படிப்பவர்கள் பலரும் என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகத்தான் தேர்வு எழுதுகிறார்கள். அதில் பாடத்தை நம் இஷ்டத்துக்கு எடுக்கலாம் என்பது பெரிய வசதி, சிக்கலும் அங்கேதான். ஓவியமும் உளவியலும் பிடிக்கிறது என்று எடுத்துவிட்டு, பதினேழு வயதில் விமானப்படைக்குப் போகணும் என்றால் நடக்காது. விமானப்படை, கடற்படை இரண்டுக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். தரைப்படைப் பிரிவுக்கு மட்டும் எந்தப் பாடமானாலும் சரி.

இன்னொன்று, பிறந்த தேதி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான், இந்தத் தேர்வை நடத்தும் மத்திய தேர்வாணையமான யுபிஎஸ்சிக்குக் கணக்கு. ஜாதகம், அஃபிடவிட், மாநகராட்சிப் பதிவு எதையும் ஏற்க மாட்டோம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள் (ஜாதகத்தோடு போய் நின்றவர்கள் இருந்திருப்பார்கள் போல). அதனால் பத்தாவதுக்குப் பதிவு செய்யும்போதே பெயர், இனிஷியல், தேதி மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம்மூரில் இனிஷியலை ஓர் இடத்தில் முன்னாலும் இன்னோர் இடத்தில் விரித்துப் பின்னாலும் எழுதிவைத்திருப்போம், கடைசி நேரத்தில் அதற்காக அலைய வேண்டிவரும்.

எழுத்துத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை. கணக்கு 300 மதிப்பெண், பொதுத் திறன் 600, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். வீட்டில் நிதானமாகப் படித்துப் பழகிய பிள்ளைக்குப் பாடத்தைவிடக் கடிகாரம்தான் எதிரி, ஆகவே பழைய வினாத்தாள்களை யுபிஎஸ்சி தளத்திலிருந்து எடுத்து, நேரம் வைத்து, நடுவில் எழுந்து போகாமல் எழுதச் சொல்லுங்கள்.

[திரையில்: எஸ்எஸ்பி, 900 மதிப்பெண்]

இப்போது விஷயத்துக்கு வருவோம். எழுத்துத் தேர்வுக்கு 900 என்றால் எஸ்எஸ்பி என்ற படைத் தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் நேர்முகத்துக்கும் 900. ஹோம்ஸ்கூலிங் பிள்ளைக்கு உண்மையான சோதனை இங்கேதான் என்பது என் கருத்து.

அங்கே ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். படித்த பள்ளிகள், மதிப்பெண்கள், விளையாட்டு, என்சிசி என்ற தேசிய மாணவர் படை, வகித்த பொறுப்புகள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ராணுவத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் அமராவதிநகர் சைனிக் பள்ளி மாணவன் எழுத இடம் போதாமல் திணறுவான், நம் பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான். அப்புறம் நேர்காணலில் அதே படிவத்தை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்குவார்கள்: ஒன்பதாவதிலிருந்து மதிப்பெண் சொல், பிடித்த ஆசிரியர் யார், ஏன், பிடிக்காதவர் யார், நெருங்கிய நண்பன் எப்படிப்பட்டவன்... பிடித்த ஆசிரியரும் பிடிக்காத ஆசிரியரும் அம்மாதான் என்றால் அதையே சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்ற கேள்வி வருமென்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா முடிவெடுத்தார்" என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி, "நீ எதை முடிவெடுத்தாய்?" அதற்கு உண்மையான பதில் இருக்க வேண்டும், மனப்பாடப் பதில் இரண்டாவது குறுக்குக் கேள்விக்கே உதிர்ந்துவிடும்.

அதைவிடக் கஷ்டம் மைதானம். பலகை, மரக்கட்டை, கயிறு மூன்றையும் கொடுத்து, சுமையோடு குழு முழுவதும் தரையைத் தொடாமல் தாண்ட வேண்டும் என்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். முதல் நாள் வரை முகம் பார்க்காத பையன்களிடம் உன் யோசனையைச் சொல்லி ஏற்க வைக்கவும், அடுத்தவன் யோசனை நல்லதாக இருந்தால் பலகையின் மறுமுனையைப் பிடிக்கவும் தெரியணும். தங்கையோடு மட்டும் விளையாடி இது வராது. தெருக் கபடி அணி, கால்பந்து கிளப், சாரணர் குழு, கோயில் திருவிழாவில் பந்திப் பொறுப்பு என்று ஏதாவது ஒன்றில் இரண்டு மூன்று வருஷமாவது இருந்திருக்க வேண்டும். நான் ஒரு கோச்சிங் சென்டரைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

மாறாக, சொந்தமாக நேரத்தைத் திட்டமிட்டது, தோட்டம் போட்டது, சைக்கிளைப் பிரித்து மாட்டியது இதெல்லாம் நம் பிள்ளையிடம் இருக்கும். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டாலும் பேச்சில் கொண்டுவரலாம்.

எஸ்எஸ்பி அழைப்பு பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ போபாலுக்கோ வரலாம். துணைக்குப் போகாதீர்கள், தனியாக ரயில் ஏற்றிவிடுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் அவர்களே தந்துவிடுவார்கள், டிக்கெட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.